ஜான் வான் நியூமன்

ஜான் வான் நியூமன் (டிசம்பர் 28, 1903 – பிப்ரவரி 8, 1957) ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கணிதவியலாளர் ஆவார். கணக் கோட்பாடு, குவாண்டம் இயக்கவியல், ஆட்டக் கோட்பாடு, கணினியியல், வானிலைக் கணிப்பு எனப் பல துறைகளில் அடிப்படையான பங்களிப்புகளைச் செய்தவர். நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் கணினி அமைப்பு இவர் பெயராலேயே வான் நியூமன் கட்டமைப்பு என வழங்கப்படுகிறது. மின்னணுக் கணினியில் சமவாய்ப்பு எண்களை (எழுமாற்று எண்கள்) உருவாக்கும் வழிகளை முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் இவரும் ஒருவர். இன்றைய இயங்குதளங்களின் கருனியில் இரகசியச் சாவிகளுக்காகச் சமவாய்ப்பு எண்களை ஆக்கும் பகுதியை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் அடிப்படைக் கேள்விகள் சில, இவரது 1940களின் பணிகளிலேயே எழுந்தவை.

இளமையும் கல்வியும்

வான் நியூமன் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் புடாபெஸ்ட் நகரில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யானோஷ் லாயோஷ் என்பதாகும். தந்தை மிக்சா நியூமன் சட்டம் பயின்ற வங்கியாளர், தாய் மார்கிட். மூன்று ஆண் மக்களுள் இவரே மூத்தவர். 1913இல் தந்தைக்குப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் உயர்குடிப் பட்டம் வழங்கியதால் குடும்பப் பெயருடன் சிறப்பு அடைமொழி சேர்ந்தது. அதுவே பின்னர் ஜெர்மானிய வழக்கில் வான் என்று நிலைத்தது.

சிறு வயதிலேயே கணிதத்திலும் மொழிகளிலும் வியக்கத்தக்க திறமை காட்டினார். புடாபெஸ்டின் லூத்தரன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பிற்காலத்தில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர் அப்பள்ளியில் இவருக்கு ஓராண்டு மூத்த மாணவர். ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ் இவரது திறனை உணர்ந்து தனிப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்.

கணிதத்தால் பொருளீட்ட இயலாது என்று தந்தை கருதியமையால், வான் நியூமன் ஒரே காலத்தில் இரு பட்டங்களுக்குப் படித்தார். முதலில் பெர்லினில் வேதியியல் பயின்றார். பின்னர் சூரிச்சிலுள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப்பொறியியலில் சேர்ந்து 1926இல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஜெர்மனியிலும் பிரின்ஸ்டனிலும்

1926 முதல் கோட்டிங்கனில் டேவிட் ஹில்பெர்ட்டுடன் பணியாற்றினார். அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்த குவாண்டம் இயக்கவியலுக்கு உறுதியான கணித அடிப்படையை அமைத்தார். இதனை விளக்கும் அவரது நூல் 1932இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. 1928இல் ஆட்டக் கோட்பாட்டின் அடிக்கல்லாகக் கருதப்படும் சிறுமப்பெருமத் தேற்றத்தை நிறுவினார். எதிராளியால் முன்கூட்டி அறிய முடியாதபடி, தன் நகர்வைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுப்பதே சில ஆட்டங்களில் சிறந்த உத்தி என்பது இத்தேற்றத்தின் முக்கியமான விளைவாகும். சமவாய்ப்பின் பயன் கணக்கீட்டோடு முடிவதில்லை. மறைத்தலுக்கும் அது கருவி என்ற கருத்து இவ்வாறு அவரது இளமைக்கால ஆய்விலேயே காணப்படுகிறது.

1930இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். 1933இல் அந்நகரில் புதிதாகத் தோன்றிய உயர் ஆய்வுக் கழகத்தின் தொடக்ககாலப் பேராசிரியர்களுள் ஒருவரானார். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அங்கு அவரது சக பேராசிரியர். 1937இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1930இல் மரியேட் கோவேசியை மணந்தார்; இவர்களுக்கு 1935இல் மரீனா என்ற மகள் பிறந்தார். இம்மணம் 1937இல் முறிந்தது. 1938இல் கிளாரா டான் என்பவரை மணந்தார். 1944இல் பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் இணைந்து ஆட்டக் கோட்பாட்டையும் பொருளாதார நடத்தையையும் பற்றிய நூலை வெளியிட்டார்.

போர்க்காலப் பணியும் கணினியும்

இரண்டாம் உலகப்போரின்போது வெடிப்பு அலைகள் பற்றிய வல்லுநராக வான் நியூமன் அறியப்பட்டார். 1943 முதல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். புளூட்டோனியக் கோளத்தைச் சுற்றிலும் வெடிமருந்தை அமைத்து உள்நோக்கி நசுக்கும் முறையின் கணக்கீடுகளில் அவரது பங்கு பெரிது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் வீசப்பட்ட குண்டு இம்முறையில் அமைந்ததாகும். குண்டு வீசுவதற்கான ஜப்பானிய நகரங்களைப் பரிந்துரைத்த குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

1944ஆம் ஆண்டுக் கோடையில் அபர்தீன் தொடர்வண்டி நிலைய நடைமேடையில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைத் தற்செயலாகச் சந்தித்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற மின்னணுக் கணினி கட்டப்படுவதை அவரிடமிருந்தே அறிந்தார். அதன் பின்னர் அக்கணினியின் அடுத்த வடிவமான எட்வாக் பற்றிய விவாதங்களில் கலந்துகொண்டு, 1945 ஜூனில் அதன் வடிவமைப்பு குறித்த வரைவறிக்கையை எழுதினார். வான் நியூமன் கட்டமைப்பு என்ற பெயர் இவ்வறிக்கையிலிருந்து தோன்றியது. அறிக்கையில் அவரது பெயர் மட்டுமே இருந்தமையால், எனியாக்கை உருவாக்கிய ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் ஆகியோரின் பங்களிப்பு மறைக்கப்பட்டது என்ற குறை நீண்டகாலம் நீடித்தது.

மாண்டே கார்லோ முறை

1946இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிவந்தபோது, பொழுதுபோக்காகச் சீட்டுக்கட்டில் தனியாள் ஆட்டம் ஆடினார். ஓர் ஆட்டம் வெற்றி பெறும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சூத்திரத்தால் காண்பது கடினம். பல முறை ஆடிப் பார்த்து வெற்றிகளை எண்ணுவது எளிது. இதே வழியை அணுக்கரு இயற்பியலிலும் பின்பற்றலாம் என அவர் கருதி வான் நியூமனிடம் தெரிவித்தார்.

ஒரு பொருளினுள் பாயும் நியூட்ரான் அணுக்கருவில் மோதும்போது சிதறலாம், உட்கவரப்படலாம், அல்லது பிளவை உண்டாக்கலாம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய நிகழ்தகவு தெரியும். ஆகவே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து அந்நியூட்ரானின் கதியை முடிவு செய்து, இவ்வாறு பல நியூட்ரான்களைத் தொடர்ந்தால், மொத்த விளைவின் மதிப்பீடு கிடைக்கும். வான் நியூமன் 1947 மார்ச் 11 அன்று லாஸ் அலமோஸின் ராபர்ட் ரிக்ட்மையருக்கு எழுதிய கடிதத்தில் இதனை எனியாக்கில் நிறைவேற்றும் திட்டத்தை வகுத்தார். மாண்டே கார்லோ என்ற பெயரைச் சூட்டியவர் நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ் ஆவார். 1948இல் எனியாக்கில் நடைபெற்ற இக்கணக்கீடுகளுக்கான நிரல்களை எழுதியதில் கிளாரா வான் நியூமனின் பங்கு முதன்மையானது.

நடுவர்க்க முறை

மாண்டே கார்லோ முறைக்கு ஏராளமான சமவாய்ப்பு எண்கள் தேவைப்பட்டன. அதற்கு முன்னர் புள்ளியியலாளர்கள் அச்சிட்ட அட்டவணைகளைப் பயன்படுத்தினர். 1927இல் டிப்பெட் வெளியிட்ட அட்டவணையில் 41,600 இலக்கங்கள் இருந்தன. ராண்ட் நிறுவனம் மின்னணுச் சூதுச் சக்கரம் போன்ற ஒரு கருவியால் பத்து இலட்சம் இலக்கங்களை உருவாக்கி 1955இல் நூலாக வெளியிட்டது. ஆனால் எனியாக்கின் மின்னணு நினைவகம் பத்து இலக்க எண்கள் 20ஐ மட்டுமே கொள்ளக்கூடியது. எண்களைத் துளையட்டைகளிலிருந்து படிப்பது கணக்கிடும் வேகத்தோடு ஒப்பிட மிக மெதுவானது.

இயற்பியல் கருவி ஒன்றைக் கணினியுடன் நேரடியாக இணைப்பதிலும் வான் நியூமன் ஓர் இடரைக் கண்டார். அன்றைய வெற்றிடக் குழாய்க் கணினிகள் அடிக்கடி பிழை செய்தன. விடையைச் சரிபார்க்க அதே கணக்கை மீண்டும் செய்ய வேண்டும். ஆனால் இயற்பியல் கருவி இரண்டாம் முறை அதே எண்களைத் தராது. எனவே கணக்கிட்டுப் பெறப்படும், மீண்டும் பெறக்கூடிய எண்களையே அவர் விரும்பினார்.

இதற்காக அவர் முன்மொழிந்ததே நடுவர்க்க முறையாகும். ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தைக் கண்டு, நடுவிலுள்ள இலக்கங்களை அடுத்த எண்ணாகக் கொள்வது இம்முறை. நான்கு இலக்கங்களில் 1234 எனத் தொடங்கினால், அதன் வர்க்கம் 01522756. நடு இலக்கங்கள் 5227. இதன் வர்க்கம் 27321529. நடு இலக்கங்கள் 3215. அடுத்து 10336225இலிருந்து 3362 கிடைக்கும்.

இம்முறையின் குறைகள் வெளிப்படையானவை. 6100 என்ற எண்ணிலிருந்து 2100, 4100, 8100 ஆகியன வந்து மீண்டும் 6100 வரும். தொடர் இந்நான்கு எண்களுக்குள்ளேயே சுழலும். 0042 எனத் தொடங்கினால் 0017, 0002 என்று சென்று 0000இல் முடிந்துவிடும். வான் நியூமன் இதனை அறிந்தே இருந்தார். சிக்கலான முறைகளின் குறைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். எளிய முறை கெடும்போது கெட்டது தெரியும் என்பது அவரது வாதம். கணக்குமுறையால் ஆக்கப்படும் எண்கள் உண்மையான சமவாய்ப்பு எண்கள் அல்ல என்பதையும் அவர் நகைச்சுவை கலந்த கண்டிப்புடன் பதிவு செய்தார். 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கருத்தரங்கில் அவர் கூறிய இக்கருத்துகள் ஜார்ஜ் ஃபார்சைத் எழுதிய சுருக்கமாக 1951இல் வெளிவந்தன.

சாய்வை நீக்கும் முறை

அதே கட்டுரையில் வான் நியூமன் மற்றொரு கேள்விக்கும் விடை அளித்தார். ஒரு நாணயம் சமமானதன்று. தலை விழும் வாய்ப்பு எவ்வளவு என்பதும் தெரியாது. அதனைக் கொண்டு சமமான முடிவுகளைப் பெறுவது எவ்வாறு?

நாணயத்தை இரண்டிரண்டு முறையாகச் சுண்ட வேண்டும். தலை-பூ என விழுந்தால் 1 என்றும், பூ-தலை என விழுந்தால் 0 என்றும் கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாகவே விழுந்தால் அவ்விணையைத் தள்ளிவிட வேண்டும். தலை விழும் நிகழ்தகவு 0.8 எனில், தலை-பூ வரும் நிகழ்தகவு 0.8 × 0.2 = 0.16, பூ-தலை வரும் நிகழ்தகவும் 0.2 × 0.8 = 0.16. நாணயம் எப்பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் இவ்விரண்டும் சமமாகவே இருக்கும்.

இச்சமநிலைக்கு ஒரு விலை உண்டு. மேற்கண்ட நாணயத்தை 200 முறை சுண்டினால் சராசரியாக 32 பிட்டுகளே கிடைக்கும். முற்றிலும் சமமான நாணயத்திலும் நான்கில் ஒரு பங்கே எஞ்சும். மேலும், ஒரு சுண்டல் மற்றொன்றைச் சாராதிருக்க வேண்டும் என்பது இம்முறையின் கட்டாய நிபந்தனை. தலையும் பூவும் மாறிமாறி மட்டுமே விழும் ஒரு கருவியில் ஒவ்வோர் இணையும் தலை-பூவாக இருக்கும். வெளியீடு முழுவதும் 1 ஆகவே அமையும். சாய்வு நீங்கியதுபோல் தோன்றும் கருவி உண்மையில் எதையும் தராத நிலை இது.

என்ட்ரோப்பி

ஒரு மூலத்திலிருந்து எவ்வளவு ஐயநிலை கிடைக்கிறது என்பதை அளக்கும் அளவை என்ட்ரோப்பி (சிதறம்) எனப்படும். வான் நியூமன் 1927இல் குவாண்டம் நிலைகளுக்கு இத்தகைய ஓர் அளவையை வரையறுத்தார். கிளாட் ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டில் அதையொத்த அளவையை அறிமுகப்படுத்தினார். அதற்கு என்ட்ரோப்பி என்று பெயரிடும்படி ஷானனுக்கு அறிவுறுத்தியவர் வான் நியூமனே என்ற செய்தி பிறர் வாயிலாகப் பரவியுள்ளது. அது உறுதி செய்யப்பட்டதன்று.

இறுதிக்காலம்

போருக்குப் பின் உயர் ஆய்வுக் கழகத்தில் ஒரு கணினியைக் கட்டும் திட்டத்தை வான் நியூமன் வழிநடத்தினார். 40 பிட் கொண்ட 1,024 சொற்களைத் தாங்கும் நினைவகமுடைய அக்கணினி 1952இல் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் வடிவமைப்பு வெளிப்படையாகப் பகிரப்பட்டதால் பல நாடுகளில் அதனைப் பின்பற்றிக் கணினிகள் கட்டப்பட்டன. நம்பகமற்ற உறுப்புகளைக் கொண்டு நம்பகமான அமைப்பை உருவாக்குவது எப்படி என்பதை 1952இல் கலிபோர்னியாவில் ஆற்றிய உரைகளில் ஆராய்ந்தார். தன்னைத்தானே படியெடுக்கும் இயந்திரங்கள் பற்றிய அவரது ஆய்வு 1966இல் ஆர்தர் பர்க்ஸின் பதிப்பில் நூலாயிற்று.

அரசியலில் அவர் சோவியத் ஒன்றியத்திற்கு எதிரான கடும் நிலைப்பாடு கொண்டவர். ஹைட்ரஜன் குண்டு உருவாக்கத்தை ஆதரித்து அதில் பங்கேற்றார். 1955இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் அவருக்குப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. 1956இல் விடுதலைப் பதக்கமும் என்ரிகோ ஃபெர்மி விருதும் பெற்றார். 1957 பிப்ரவரி 8 அன்று வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் தமது 53ஆம் வயதில் காலமானார். பிரின்ஸ்டனில் அடக்கம் செய்யப்பட்டார். கணினியையும் மூளையையும் ஒப்பிடும் அவரது முற்றுப்பெறாத நூல் 1958இல் வெளிவந்தது.

இயங்குதளக் கருனியில் தாக்கம்

வான் நியூமனின் எண்கள் உருவகக் கணக்கீட்டுக்கானவை. அங்கு மீண்டும் அதே எண்களைப் பெறுவது நன்மை. இரகசியக் காப்பில் நிலைமை தலைகீழானது. எதிராளி எண்களை மீண்டும் பெற்றுவிட்டால் காப்பு முழுவதும் உடையும். நடுவர்க்க முறையில் ஓர் எண்ணைக் கண்டவர் அடுத்து வரும் அனைத்தையும் கணக்கிடலாம். பிற்காலத்தில் உருவகக் கணக்கீட்டில் பெரிதும் பயன்பட்ட மெர்சென் ட்விஸ்டர் முறையிலும் தொடர்ச்சியான 624 வெளியீடுகளைக் கண்டால் அடுத்தவற்றைக் கூறிவிட முடியும்.

இதனால் உண்டான தீங்குகள் பல. 1995இல் நெட்ஸ்கேப் உலாவியின் சாவிகள், நேரம், செயலாக்க எண் போன்ற எளிதில் ஊகிக்கத்தக்க மதிப்புகளிலிருந்து ஆக்கப்படுவது கண்டறியப்பட்டது. 2006இல் டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் செய்த ஒரு திருத்தத்தால் செயலாக்க எண் மட்டுமே விதையாக எஞ்சியது. அதன் மதிப்புகள் ஏறத்தாழ 32,000 மட்டுமே என்பதால், ஒவ்வொரு வகைச் சாவியையும் முன்கூட்டியே பட்டியலிட முடிந்தது. இக்குறை 2008 மே மாதத்தில்தான் வெளிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உருவான சாவிகளை உலகெங்கும் மாற்ற நேர்ந்தது. எண்களைப் பார்த்த எவருக்கும் அவை ஒழுங்கற்றனவாகவே தோன்றின. சிக்கலான முறையின் குறை ஒளிந்திருக்கும் என்ற வான் நியூமனின் அச்சம் இங்கு மெய்யாயிற்று.

இத்தகைய பணியை ஒவ்வொரு செயலியிடமும் விடாமல் கருனியே மேற்கொள்வது வழக்கமாயிற்று. வன்பொருள் நிகழ்வுகள் அனைத்தையும் நேரடியாகக் காண்பது கருனியே என்பதும், தன் நினைவகத்தைப் பிற நிரல்களிடமிருந்து அதனால் காத்துக்கொள்ள இயலும் என்பதும் இதற்குக் காரணங்கள். லினக்ஸ் கருனியில் இவ்வசதியைத் தியோடர் சோ 1994இல் எழுதினார். இதன் பணி மூன்று படிகளைக் கொண்டது. முதலாவதாக, விசை அழுத்தம், வட்டு இயக்கம், குறுக்கீடு ஆகியவை நிகழும் நேரங்களில் உள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளும் வன்பொருள் கருவிகள் தரும் எண்களும் திரட்டப்படுகின்றன. இரண்டாவதாக, அவை ஒரு தொகுப்பில் கலக்கப்படுகின்றன. மூன்றாவதாக, அத்தொகுப்பிலிருந்து பெறும் சிறிய விதையைக் குறியாக்க முறையொன்று வேண்டிய அளவுக்கு விரிக்கிறது. விதை தெரியாதவருக்கு வெளியீட்டை ஊகிப்பது நடைமுறையில் இயலாது.

வான் நியூமனின் சாய்வு நீக்கும் முறை வன்பொருள் அளவில் நேரடியாகப் பயன்பட்டது. இன்டெல் நிறுவனம் 1999இல் தன் 810 சில்லுத் தொகுதியுடன் அறிமுகப்படுத்திய கருவி, மின்தடையின் வெப்ப இரைச்சலிலிருந்து பெற்ற பிட்டுகளை இம்முறையைத் தழுவிய திருத்தியால் சீராக்கியது. ஆயினும் குறுக்கீட்டு நேரங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கலாம் என்பதால், அவற்றைக் கலக்க இணைமுறை மட்டும் போதாது. எனவே கருனிகள் குறியாக்கப் புரிகளைப் பயன்படுத்துகின்றன. லினக்ஸில் நீண்டகாலம் இருந்த ஷா-1 புரி 2022இல் நீக்கப்பட்டு பிளேக்2எஸ் இடம்பெற்றது. விரிக்கும் பணிக்கு 2016 முதல் சாச்சா20 பயன்படுகிறது.

கணினி தொடங்கும் முதல் நொடிகளே மிகவும் இடர் நிறைந்தவை. விசைப்பலகையும் வட்டும் இல்லாத சிறு கருவிகளில் அப்போது திரட்ட எதுவும் இருப்பதில்லை. இணையத்தில் உள்ள பல வழிச்செயலிகளும் பிற சிறு கருவிகளும் ஒரே பகா எண்ணைப் பகிரும் சாவிகளைக் கொண்டிருப்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. இரு சாவிகளின் பொது வகுஎண்ணைக் கண்டாலே இரண்டும் உடையும். 2014இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட அமைப்பு அழைப்பு, போதிய விதை கிடைக்கும் வரை நிரலைக் காத்திருக்கச் செய்கிறது. வன்பொருள் கருவி ஒன்றை மட்டும் முழுமையாக நம்பாமல் பல மூலங்களைச் சேர்ப்பதும் இக்காரணம் பற்றியதே. நம்பகமற்ற உறுப்புகளிலிருந்து நம்பகமானதை ஆக்குவது என்ற வான் நியூமனின் கேள்வியோடு இது நெருங்கிய உறவுடையதாகும்.

மதிப்பீடு

நடுவர்க்க முறை விரைவிலேயே கைவிடப்பட்டது. 1949இல் டெரிக் லெமர் முன்மொழிந்த பெருக்கல் முறை உருவகக் கணக்கீடுகளில் அதன் இடத்தைப் பிடித்தது. சாய்வு நீக்கும் முறையோ கணினியியல் பாடநூல்களில் நிலைபெற்று, பின்வந்த ஆய்வாளர்களால் குறைவான இழப்புடன் விரிவாக்கப்பட்டது. ஓர் எண் ஒழுங்கற்றதாகத் தோன்றுவதும், அது எங்கிருந்து வந்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்ற வேறுபாட்டைக் கணினியின் தொடக்க நாட்களிலேயே வான் நியூமன் சுட்டிக்காட்டினார். எண்களின் தோற்றத்தை மட்டும் சோதித்து அவற்றின் மூலத்தை ஆராயாது விட்ட ஒவ்வொரு முறையும் காப்பு உடைந்திருப்பது இவ்வேறுபாட்டின் தேவையை உணர்த்துகிறது.